கௌபி விதைத்த பாத்திகள்

என் தங்கை மூன்று கண்ணாடிப் பெட்டிகளை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது, மீன் வளர்க்கப் போகிறாள் என்றுதான் அம்மா நினைத்தார். மருதனார்மடத்துச் சந்தியில் அலுமினிய வேலை செய்கிற கடையொன்றில் சொல்லிச் செய்வித்த பெட்டிகள் அவை. மீன் விட முடியாத அளவுக்கு ஒடுக்கமானவை. தடித்த புத்தகமொன்றை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். ஒரு பக்கம் தகடு, மற்றப் பக்கம் கிளிப் போட்டுக் கழற்றக்கூடிய கண்ணாடி. உள்ளே மண் நிரப்பி, கண்ணாடிப் பக்கம் கீழே பார்க்கச் சாய்த்து வைத்தால், வேர் கண்ணாடியை ஒட்டியே ஓடும், செடியைப் பிடுங்காமலே பார்க்கலாம் என்றாள்.

"வேருக்கு வெளிச்சம் படக்கூடாது அக்கா. கறுப்புத் துணியிலை உறை தைச்சுத் தாறியே?"

பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என் தொழில். மிஞ்சிக் கிடந்த கறுப்புத் துணியில் தலையணை உறை போல மூன்று தைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு பெட்டியில் கௌபிப் பயறு போட்டாள். ஒன்றில் வெங்காயம் நட்டாள். மூன்றாவதில் இரண்டையும் அருகருகே வைத்தாள். மண் அப்பாவின் தோட்டத்து மண். கிணற்றடிக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டிலில் மூன்றும் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

அவள் கம்பஸில் விவசாயம் படித்து முடித்து, மேற்படிப்புச் செய்துகொண்டிருந்தாள். எங்கள் செம்மண்ணில் இறுகிக் கிடக்கும் பொசுபரசை எந்த வேர் எப்படி எடுக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சட்டிகளில் செய்கிற பெரிய பரிசோதனை கம்பஸிலேயே நடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டிகள் அவளுடைய சொந்த ஆசைக்கு. "சட்டியிலை செய்தா கணக்குத்தான் வரும். எனக்குக் கண்ணாலை பாக்கோணும்" என்பாள். யார் கேட்டாலும் விளங்கப்படுத்துவாள். சட்டை அளவெடுக்க வந்த பெண்களைக்கூடக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய், உறையை உயர்த்தி வேரைக் காட்டியிருக்கிறாள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்பா மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

பெட்டிகள் வந்த கிழமையே அவள் அப்பாவிடம் நாலு பாத்தி கேட்டாள். அப்பா வெங்காயத் தோட்டக்காரர். வேறு எதையும் அவர் ஆசையோடு செய்து நான் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் போய் இருந்தாள்.

"அப்பா, நீங்கள் இவ்வளவு காலமும் போட்ட ரி.எஸ்.பி. பசளையின்ரை பொசுபரசு எங்கை போனதெண்டு நினைக்கிறியள்?"

"வெங்காயத்துக்குள்ளை போயிருக்கும். சனம் திண்டிருக்கும்."

"கொஞ்சம்தான் போனது. மிச்சமெல்லாம் மண்ணுக்குள்ளைதான் கிடக்கு. எங்கடை மண்ணிலை சுண்ணாம்பு கூட. அது பொசுபரசை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருக்கு. பயிருக்குக் குடுக்காது."

"அப்ப அது கிடந்தென்ன, கிடவாமல் விட்டென்ன?"

"அதைத்தான் வேர் பாத்துக்கொள்ளும். கௌபி வேர் தன்னைச் சுத்தியிருக்கிற மண்ணைப் புளிக்கப் பண்ணும். புளிச்சா சுண்ணாம்பு பிடியை விடும். வெங்காயத்துக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. அதின்ரை வேர் கொஞ்சம், பெரிசாக் கிளைக்கவும் மாட்டுது. யூரியா மாதிரிப் பொசுபரசு தண்ணியோடை ஓடி வராது அப்பா. வேர்தான் அதைத் தேடிப் போகோணும். வரம்போரம் கௌபி போட்டா, அது இளக்கி விடுறதிலை கொஞ்சம் வெங்காயத்துக்கும் கிடைக்கலாம். நாலே நாலு பாத்தி தாங்கோ. அதுக்கு ரி.எஸ்.பி.யைப் பாதியாக்கிப் பாப்பம்."

பாதி என்ற சொல்லில் அப்பாவின் முகம் மாறிவிட்டது. இரசாயனப் பசளையை அரசாங்கம் தடைசெய்து, அது நாட்டுக்குள்ளேயே வராமல் நின்ற காலத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. கடை கடையாக அலைந்தும் ஒரு பை கிடைக்காமல், எருவையும் சாம்பலையும் மட்டும் நம்பி அப்பா நட்ட வெங்காயம் அந்தப் போகம் சுண்டைக்காயளவில் நின்றுவிட்டது. தாள் நுனி மஞ்சளித்துச் சுருண்ட பாத்திகளுக்கு நடுவில் அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பிடுங்கியதைச் சந்தைக்குக் கொண்டுபோக அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பசளை வேண்டாமெண்டு சொன்னவையும் உப்பிடித்தான் படிச்ச ஆக்கள்" என்றார். "இப்ப நீயும் அவையின்ரை கதையையே கொண்டு வாறாய்."

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. குறைப்பம் எண்டுதான் சொல்லுறன்."

"குறைக்கிறது எங்கை போய் முடியுமெண்டு எனக்குத் தெரியும்."

"நீங்கள் மண்ணைப் பாக்கிறேல்லை அப்பா. பையைத்தான் பாக்கிறியள்."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார். அதன் பிறகு இருவரும் நேரே கதைக்கவில்லை. "அக்கா, அப்பாட்டைச் சொல்லு, நாளைக்கு நான் வெள்ளனப் போறன்." "அவளிட்டைச் சொல்லு, குடையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி." ஒரே அறைக்குள் நின்றுகொண்டே என்னிடம் இப்படிச் சொல்லுவார்கள்.

அவளுடைய கைகளில் நீலத் தழும்புகளைக் கண்டது நான்தான். பெட்டி தூக்கினது, மண் மூட்டை இழுத்தது என்று அவள் காரணம் சொன்னாள். பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல். பல் தீட்டும்போது இரத்தம். அம்மா வற்புறுத்த, யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சோதித்தோம். வைத்தியர் அவளை வெளியில் இருத்திவிட்டு அப்பாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இரத்தப் புற்றுநோய் என்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவள் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை, அதாலையா இருக்குமோ?" என்று கேட்டார். வைத்தியர் இல்லை என்று தலையாட்டினார். வெளியில் வந்தபோது அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கம்பஸில் நின்ற சட்டிகளை அவளோடு படிக்கிற சினேகிதி பொறுப்பெடுத்தாள். வீட்டுப் பெட்டிகள் என் பொறுப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை நான் கொட்டிலுக்குப் போனபோது அப்பா அங்கே குந்தியிருந்தார். ஒரு உறையை அரைவாசிக்கு உயர்த்தி, கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதுக்கு எவ்வளவு தண்ணி விடுறவள்?" என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னேன். அதன் பிறகு நான் ஒரு நாளும் அந்தப் பெட்டிகளுக்குத் தண்ணீர் விடவில்லை.

முதல் சுற்று மருந்து முடிந்து அவள் வீட்டுக்கு வந்தாள். தலைமுடி கொட்டியிருந்தது. மெல்லிய பருத்தித் துணியில் தொப்பி தைத்துக் கொடுத்தேன். முன் அறையில் கட்டிலைப் போட்டு, சனம் வந்து போகாமல் அம்மா காவல் இருந்தார். அவளால் கிணற்றடி வரை நடக்க முடியவில்லை. ஆனால் பெட்டிகளைத் திறந்து பார்க்கிற நேரம் வந்துவிட்டது, கௌபி பூக்கிற தறுவாய், இனிப் பிந்தினால் சரிவராது என்று அந்தரப்பட்டாள்.

"நீ படுத்திருந்து சொல்லு. நாங்கள் செய்யிறம்" என்றேன்.

கடற்பாசியைக் காய்ச்சிக் கூழாக்கச் சொன்னாள். அம்மா பண்டிகைக்குக் கடற்பாசி காய்ச்சுகிற அதே சட்டியில்தான் காய்ச்சினோம். கம்பஸிலிருந்து சினேகிதி கொடுத்துவிட்ட சாயத்தில் சில துளிகளைக் கலந்ததும் கூழ் ஊதா நிறமானது. அதைத் தட்டையான தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆற விட்டோம். புளிப்புப் பட்டால் ஊதா மஞ்சளாகும், அதுதான் அந்தச் சாயத்தின் வேலை என்றாள். அப்பா கிளிப்புகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தார். வெங்காயத் தாளைக் கட்டுகிற கை அது, பெரிய கை. ஆனால் ஒரு வேர்கூட அறவில்லை. கூழ்ப் படலத்தை நான் தூக்கி வேர்களின் மேல் போர்த்தேன். மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் அப்படியே செய்தோம்.

நான் தையல் மெசினுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். அந்தக் குரலில் என்னவோ இருந்தது. ஓடிப் போனேன்.

வெங்காயப் பெட்டியில் கூழ் போட்டபடியே ஊதாவாக இருந்தது. கௌபிப் பெட்டியில் ஒவ்வொரு வேரின் ஓரமாகவும் மஞ்சள் படர்ந்திருந்தது. தடித்த வேரில் மங்கலாகவும், இளம் வேரில் பளிச்சென்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்த பெட்டியில், வெங்காயத்தின் வெள்ளை வேரொன்று வளைந்து வந்து கௌபியின் மஞ்சளுக்குள் நுழைந்து போயிருந்தது.

"உது வேர் செய்யிறதோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா."

அவர் அந்தப் பெட்டியை அப்படியே இரண்டு கைகளாலும் தூக்கினார். மண்ணோடு அது நல்ல பாரம். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன், விடவில்லை. முன் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலோரம் கதிரையில் சாய்த்து வைத்தார். அவள் முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்தாள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். தொடாமல், விரலால் காற்றில் அந்த வெங்காய வேரின் வழியைக் கீறிக்கொண்டு போனாள்.

"தானாப் போயிருக்கு" என்றாள். "ஒருத்தரும் காட்டிக் குடுக்காமல் தானாத் தேடிப் போயிருக்கு."

பிறகு பெட்டியில் செடிகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, காயவிட வேண்டும் என்றாள். அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பூத்திட்டுதே பிள்ளை. காய்க்க விடாமல் பிடுங்கிறதே?" என்றார். ஆராய்ச்சி அப்படித்தான் என்று அவள் சிரித்தாள். நான் கிணற்றடியில் அரிதட்டில் போட்டு, தண்ணீரை மெல்ல ஊற்றி ஊற்றி அந்த வேர்களைக் கழுவினேன். கௌபி வேரில் மண் விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. கழுவி முடிக்கையில் விரல் விறைத்துவிட்டது.

அடுத்த சுற்று மருந்துக்கு அவளைக் கொண்டுபோனபோதே காய்ச்சல் இருந்தது. இந்த முறை அவள் நன்றாகச் சோர்ந்துபோனாள். பகலில் நான் பக்கத்தில் இருப்பேன். அம்மா சமைத்துக் கொடுத்துவிடுவார். அப்பா தோட்ட வேலையை முடித்துக்கொண்டு பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். வந்து கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். அதிகம் கதைக்க மாட்டார்.

ஒரு நாள் வந்து நின்றவர், "போட்டிட்டன்" என்றார்.

"என்னத்தை அப்பா?"

"கௌபி. வெங்காயம் நட்ட கையோடை வரம்போரம் போட்டன். இப்ப முளைச்சிட்டுது. ரி.எஸ்.பி.யும் பாதிதான்."

அவளுடைய கண்கள் அகன்றன. அந்த நாட்களில் அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் காணவில்லை.

"எத்தினை பாத்திக்குப் போட்டனீங்கள்?"

"முழுக்கப் போட்டன்" என்றார் அப்பா. நாலு பாத்தி கேட்ட மகளுக்குத் தோட்டம் முழுவதையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஐயோ அப்பா! முழுக்கப் போட்டா எதோடை ஒப்பிடுறது?"

அப்பா திகைத்துப் போனார். அவளுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. நான் முதுகைத் தடவிவிட்டேன். மூச்சு வந்ததும் அவள் சொன்னாள், "அரைவாசிப் பாத்தியிலை கௌபியைப் பிடுங்கிப் போடுங்கோ. அந்தப் பாத்திக்கு மிச்ச ரி.எஸ்.பி.யையும் போடுங்கோ, வழமையாப் போடுற மாதிரி. வெங்காயம் பிடுங்கேக்கை ரெண்டையும் கலக்காமல் புறம்பு புறம்பா நிறுக்கோணும்."

"சரி பிள்ளை. நாளைக்கே செய்யிறன்."

மறுநாள் செய்துவிட்டு வந்து சொன்னார். முளைத்து நாலு இலை விட்ட கன்றுகளை ஒன்றொன்றாகக் குனிந்து பிடுங்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவர் போன பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நித்திரை என்று நினைத்தேன்.

"அக்கா" என்றாள். "பிழை விட்டிட்டன். இன்னொரு பகுதியும் வேணும். கௌபி இல்லாமல், பாதிப் பசளை மட்டும் போட்டது. அது இல்லாட்டிக் கௌபியாலைதான் சரிவந்ததெண்டு எப்பிடிச் சொல்லுறது? மண்ணிலை முந்தியே கிடந்த பொசுபரசே வெங்காயத்துக்குக் காணுமாயிருந்திருக்கலாமே."

"அப்பாட்டைச் சொல்லட்டே?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் என்றாள்.

"விடு. திருப்பியும் பிடுங்கச் சொல்லேலாது. பாவம் மனுசன்."

வெங்காயம் பூரிக்கத் தொடங்கிய நாட்களில், ஒரு காலைப் பொழுதில் அவள் போனாள். அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். மூச்சுத்தான் இடைவெளி விட்டு விட்டு வந்து, பிறகு வரவில்லை. அப்பா அன்று தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். நான் தொலைபேசியில் கூப்பிட்டு, "கெதியா வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் வந்தபோது காலில் செம்மண் இன்னும் காயவில்லை. கட்டிலருகில் வந்து பார்த்துவிட்டு, குனிந்து தன் சாரத்தின் நுனியால் காலைத் துடைக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரித் தரை ஊத்தையாகிறது என்று நினைத்தாரோ, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லையோ, துடைத்துக்கொண்டே இருந்தார்.

செத்தவீட்டுக்குக் கம்பஸிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அவளுக்குப் படிப்பித்த ஆசிரியை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அடுத்த நாள் காலை அப்பா தோட்டத்துக்குப் போனார். சாவுத் துடக்கு நாட்களுக்குள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டது பற்றிச் சொந்தக்காரர் சிலர் முணுமுணுத்தார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் விடாமல் இருக்க முடியாது என்று அம்மா சொன்னார். அது மட்டும் காரணமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கௌபி பூக்க முன்னமே அதை அடியோடு வெட்டி, தழையை வரம்பிலேயே விட்டிருந்தார். அப்படிச் செய்தால் வெங்காயத்துக்கு நிழல் விழாது என்று அவள் சொல்லியிருந்தாளாம். எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லாத ஏதோ ஒரு பின்னேரம் அவர்கள் இருவரும் கதைத்திருக்கிறார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெங்காயம் பிடுங்குகிற நாளில் நானும் போனேன். கௌபி போட்ட பாத்திகளின் வெங்காயச் சாக்குகள் ஒரு பக்கம், போடாத பாத்திகளின் வெங்காயச் சாக்குகள் மற்றப் பக்கம். அப்பா தராசு இரவல் வாங்கி வந்திருந்தார். நிறுத்தார். சாக்குகளை மாற்றி வைத்து இன்னொருக்கால் நிறுத்தார். பிறகு வரம்பில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் சினேகிதி தொலைபேசி எடுத்தாள். அறுவடை எப்போது என்று முன்பே கேட்டு வைத்திருந்தவள். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக விட்டு, தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன்.

"சமமாத்தான் வந்திருக்குப் பிள்ளை" என்றார். "கௌபி போட்டதிலை கூட வரேல்லை." ஒரு குற்றத்தைச் சொல்வது போல இருந்தது அவர் குரல்.

"பாதி ரி.எஸ்.பி.யோடையோ அங்கிள்?"

"ஓம், பாதிதான்."

"அப்ப அது நல்ல முடிவு அங்கிள்! குறைச்சுப் போட்டும் குறையேல்லையே. ஒரு போகத்தை வைச்சு உறுதியாச் சொல்லேலாதுதான், இன்னும் செய்து பாக்கோணும். ஆனா அவ எதிர்பாத்தது இதைத்தான்."

"நல்லதோ?" என்றார் அப்பா. "நல்லதெண்டே சொல்லுறாய்?"

தொலைபேசியை என் பக்கம் நீட்டிவிட்டு, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். செத்தவீட்டிலும் சுடலையிலும் அழாத மனிதர் பிடுங்கிய பாத்திகளுக்கு நடுவில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவருடைய முதுகில் கையை வைத்தேன். கௌபி இல்லாத பாதிப் பசளைப் பாத்தியைப் பற்றி நான் அன்று சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

அப்பா இப்போது எல்லாப் போகத்திலும் பாதிதான் போடுகிறார். வரம்போரம் கௌபி விதைக்கிறார். போன கிழமை நெல்லியடிப் பக்கத்திலிருந்து ஒருவர் விதை வெங்காயம் வாங்க வந்திருந்தார். எங்களை முன்பின் தெரியாதவர். கட்டிவைத்த வெங்காயப் பிடிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன பசளை எவ்வளவு போடுகிறீர்கள் என்று விசாரித்தார். அப்பா சொன்னார்.

"அவ்வளவு மட்டும் காணுமோ? ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"என்ரை சின்ன மகள்."

"அவ என்ன செய்யிறா?"

நான் மெசினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு வெங்காயப் பிடியின் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கம்பஸிலை படிக்கிறா" என்றார். "மண்ணைப் பற்றி."

"கெட்டிக்காரி போலை" என்றார் வந்தவர்.

"ஓம்" என்றார் அப்பா.